ஒரே பெயர், மூன்று வீரர்கள்



தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் ஊர்களில் வழக்கம். அமெரிக்காவில் ஒரு குடும்பம் இருந்தது. அங்கே தாத்தா, அப்பா, மகன் மூவருக்கும் ஒரே பெயர். ஜான் சிட்னி மெக்கெய்ன். மூவரும் கடற்படையில் சேர்ந்தார்கள். மூவரும் போருக்குப் போனார்கள்.

இது அந்த மூவரில் நடுவில் இருந்தவரின் கதை. அவர் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் தளபதி. போரில் வீரப் பதக்கம் பெற்றவர். அவரை ஜாக் என்று கூப்பிடுவார்கள். நாமும் ஜாக் என்றே சொல்வோம். இல்லாவிட்டால் யார் தாத்தா, யார் மகன் என்று குழப்பம் வரும்.

படிக்கத் தொடங்கும் முன் ஒரு கேள்வி. ஒருவர் படைத் தலைவராக இருக்கிறார். எதிரியின் நகரத்தின் மேல் குண்டு வீச உத்தரவு அனுப்புவது அவர் வேலை. அந்த நகரத்தின் சிறையில் அவர் பெற்ற மகன் இருக்கிறான். அவர் என்ன செய்வார்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நீர்மூழ்கிக் கப்பல் என்றால் என்ன?

காலிக் குடத்தைக் கிணற்றில் விட்டுப் பாருங்கள். மிதக்கும். குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் புகவிட்டால் மூழ்கிவிடும். நீர்மூழ்கிக் கப்பலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

இந்தக் கப்பலில் பெரிய தொட்டிகள் உண்டு. தொட்டியில் காற்று இருக்கும்போது கப்பல் மிதக்கும். தொட்டிக்குள் கடல் நீரைப் புகவிட்டால் கப்பல் கனத்து, கீழே இறங்கும். மீண்டும் மேலே வர வேண்டுமா? அழுத்தி அடைத்து வைத்திருக்கும் காற்றைத் தொட்டிக்குள் செலுத்துவார்கள். காற்று உள்ளே வந்ததும் தண்ணீர் வெளியே போகும். கப்பல் மேலே வரும்.

ஜாக் காலத்துக் கப்பல்கள் நீர்மட்டத்தின் மேலே டீசல் இன்ஜினில் ஓடின. டீசல் எரியக் காற்று வேண்டும். கடலுக்கு அடியில் காற்று ஏது? அதனால் நீருக்குள் போனதும் இன்ஜினை நிறுத்திவிடுவார்கள். பேட்டரியில் சேமித்த மின்சாரத்தில் கப்பல் ஓடும். பேட்டரி தீர்ந்துவிட்டால் மேலே வந்துதான் ஆக வேண்டும். எதிரி மேலே காத்திருந்தாலும் வேறு வழி இல்லை.

நீருக்குள் இருந்தபடியே மேலே பார்க்க ஒரு நீண்ட குழாய் உண்டு. அதன் பெயர் பெரிஸ்கோப். எதிரியின் கப்பலைத் தாக்க டார்பிடோ உண்டு. அது நீருக்குள் தானே ஓடிச் சென்று வெடிக்கும் குண்டு.

எதிரியும் சும்மா இருக்கமாட்டான். பீப்பாய் போன்ற குண்டுகளை மேலிருந்து கடலில் உருட்டிவிடுவான். அவை ஆழத்துக்கு இறங்கி வெடிக்கும். அவற்றுக்கு ஆழ்நீர்க் குண்டு என்று பெயர். அது பக்கத்தில் வெடித்தாலே போதும், கப்பலின் உடம்பு பிளந்துவிடும்.

52 வயதில் கற்றுக்கொண்ட தாத்தா

தாத்தா மெக்கெய்ன் 1884-இல் பிறந்தார். ஊர் மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கிறது. 1906-இல் கடற்படைப் பயிற்சிக் கல்லூரியில் தேர்ச்சி பெற்றார். பல ஆண்டுகள் கப்பல்களில் வேலை பார்த்தார்.

காலம் மாறியது. கடற்படைக்கு விமானங்கள் வந்தன. கப்பலின் மேல்தளத்திலிருந்து விமானங்கள் பறக்கத் தொடங்கின. விமானம் ஓட்டத் தெரிந்தவர்தான் அந்தக் கப்பலுக்குத் தலைவராகலாம் என்ற நிலை வந்தது. அப்போது தாத்தாவுக்கு வயது 52. இனி எதற்குப் புதுப் படிப்பு என்று அவர் ஒதுங்கவில்லை. இளைஞர்களோடு உட்கார்ந்து விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1936-இல் தேர்ச்சியும் பெற்றார்.

வயதான பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு அவர் பட்ட கூச்சமும் புரியும், பெற்ற மகிழ்ச்சியும் புரியும்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-லும் 1945-லும், பசிபிக் கடலில் ஒரு பெரிய கப்பல் அணிக்கு அவர் தலைவராக இருந்தார்.

பின்வரிசை மாணவர் ஜாக்

ஜாக் 1911-இல் பிறந்தார். சிறுவயதிலேயே அப்பாவின் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். ஆள் குள்ளம், ஒல்லி. படிப்பிலும் முன்வரிசை இல்லை. 1931-இல் 441 பேர் தேர்ச்சி பெற்றார்கள். அதில் ஜாக்கின் இடம் 423.

1933-இல் ராபர்ட்டா என்ற பெண்ணை ஜாக் மணந்தார். இவர்களுக்கு ஒரு மகள், இரண்டு மகன்கள். மூத்த மகன் 1936-இல் பிறந்தான். பிறந்த இடம் பனாமா கால்வாய்க் கரையில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளம். அவனுக்குத்தான் தாத்தாவின் பெயரும் அப்பாவின் பெயருமான ஜான் என்ற பெயரை வைத்தார்கள்.

1941 டிசம்பர் 7. ஜப்பான் விமானங்கள் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தின் மேல் குண்டு வீசின. அப்போது சிறுவன் ஜானுக்கு ஐந்து வயது. தெருவில் காரில் வந்த ஒரு கடற்படை அதிகாரி இந்தச் செய்தியைச் சொன்னார். ஜாக் உடனே கிளம்பினார். அதன் பிறகு போர் முடியும்வரை பிள்ளைகள் அப்பாவை அதிகம் பார்க்கவில்லை.

கடலுக்கு அடியில் போர்

1942-இல் ஜாக்கிடம் கன்னல் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பலை ஒப்படைத்தார்கள். நீளம் சுமார் 95 மீட்டர். அதற்குள் 60 பேருக்கு மேல் இருக்க வேண்டும். படுக்கை, சமையல், இன்ஜின், குண்டு எல்லாம் அந்தக் குழாய்க்குள்ளேதான்.

முதல் பயணம் வட ஆப்பிரிக்காவுக்கு. 1942 நவம்பரில் அமெரிக்கப் படைகள் அங்கே கரை இறங்கின. அதற்கு முன்பே போய்க் கரையை நோட்டம் பார்ப்பது கன்னலின் வேலை. வேலை முடிந்தது. ஆனால் திரும்பும் வழியில் பெரிய இன்ஜின்கள் பழுதாகிவிட்டன. அந்த வகை இன்ஜின்கள் அடிக்கடி பழுதாகும். நடுக்கடலில் யாரைக் கூப்பிடுவது? சிறிய துணை இன்ஜினை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஊர்ந்து, இங்கிலாந்துக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த பயணங்கள் பசிபிக் கடலில். 1943 ஜூன் மாதம் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் இடைப்பட்ட கடலில் கன்னல் காத்திருந்தது. ஜூன் 15-இல் கோயோ மாரு என்ற ஜப்பான் கப்பலை மூழ்கடித்தது. நான்கு நாள் கழித்து டோக்கிவா மாரு என்ற கப்பலையும் மூழ்கடித்தது.

உடனே ஜப்பானின் காவல் கப்பல்கள் தேடி வந்தன. ஆழ்நீர்க் குண்டுகளை வீசின. கன்னல் ஆழத்துக்கு இறங்கி மணிக்கணக்கில் பதுங்கிக் கிடந்தது. அந்த நேரத்தில் உள்ளே எப்படி இருக்கும்? மின்விசிறிகளை நிறுத்திவிடுவார்கள். சத்தம் மேலே கேட்டுவிடக்கூடாது. ஒரு கரண்டி கீழே விழக்கூடாது. பேசினால் கிசுகிசுப்புத்தான். புழுக்கம் ஏறும். மூச்சுக் காற்று கெட்டுக்கொண்டே வரும். பேட்டரி இறங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு வெடிக்கும் கப்பல் குலுங்கும். எல்லாரும் தளபதியின் முகத்தையே பார்ப்பார்கள்.

எத்தனை ஆழம் போவது, எப்போது அசைவது, எப்போது மேலே வருவது? எல்லாம் அவர் முடிவு. ஒரு தவறு செய்தால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். ஜாக் நிதானம் இழக்கவில்லை. கன்னல் தப்பியது. கப்பலில் இருந்தவர்கள் உயிரோடு திரும்பினார்கள். கன்னலின் தளபதியாகக் காட்டிய வீரத்துக்காக ஜாக்குக்கு வெள்ளி நட்சத்திரம் என்ற பதக்கம் கிடைத்தது. பிறகு டெண்டூடா என்ற இன்னொரு நீர்மூழ்கிக் கப்பலுக்கும் அவர் தளபதி ஆனார்.

எல்லாக் கப்பலுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்தப் போரில் அமெரிக்கா 52 நீர்மூழ்கிக் கப்பல்களை இழந்தது. 3,500 பேருக்கு மேல் கடலோடு போனார்கள். போருக்குப் போன நீர்மூழ்கி வீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் திரும்பவில்லை. மூழ்கிய ஜப்பான் கப்பல்களிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள்.

கடைசிச் சந்திப்பு

1945 செப்டம்பர் 2. டோக்கியோ வளைகுடாவில் மிசூரி என்ற போர்க்கப்பலில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்டது. தாத்தா மெக்கெய்ன் அங்கே நின்று அதைப் பார்த்தார். சரணடைந்த ஒரு ஜப்பான் நீர்மூழ்கிக் கப்பலின் பொறுப்பில் ஜாக்கும் அங்கே வந்திருந்தார்.

அன்று அப்பாவும் மகனும் ஒரு கப்பலில் சந்தித்துப் பேசினார்கள். சேர்ந்து நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். தாத்தா மிகவும் களைத்துப்போய் மெலிந்திருந்தார். பிறகு அவர் விமானத்தில் ஊர் திரும்பினார். செப்டம்பர் 6-ஆம் தேதி, வீட்டில் எல்லாரும் கூடி மகிழ்ந்திருந்தபோது, மாரடைப்பில் இறந்தார். வயது 61. போர் முடிந்து நான்கே நாள்.

வீட்டைச் சுமந்தவர்

பதக்கம் ஜாக்குக்குக் கிடைத்தது. வீட்டுப் பாரம் ராபர்ட்டாவுக்குக் கிடைத்தது. கடற்படைக் குடும்பத்துக்கு நிலையான ஊர் கிடையாது. இன்று ஒரு துறைமுகம், இரண்டு வருடம் கழித்து இன்னொரு துறைமுகம். பிள்ளைகள் பள்ளி மாறிக்கொண்டே இருந்தார்கள். போகிற வழியெல்லாம் அம்மாதான் அவர்களுக்குப் பாடம் சொன்னார். பழைய கட்டடங்களையும் ஓவியங்களையும் காட்டி, கதை சொல்லிக் கற்பித்தார்.

ஜாக்கிடம் குறையும் இருந்தது. அவருக்குக் குடிப்பழக்கம் உண்டு. அதை விட அவர் போராடினார். சில சமயம் வென்றார், சில சமயம் தோற்றார். இதை மறைக்காமல் எழுதியவர் அவர் மகன்தான். கடலுக்கு அடியில் அஞ்சாதவரும் இந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவதிப்பட்டது குடும்பமும்தான்.

ஜாக் பதவியில் உயர்ந்தார். 1967-இல் அவருக்கு நான்கு நட்சத்திர அட்மிரல் பதவி கிடைத்தது. தாத்தாவுக்கு அந்தப் பதவியை அவர் இறந்த பிறகு அளித்திருந்தார்கள். அமெரிக்கக் கடற்படையில் தந்தையும் மகனும் அந்தப் பதவியைப் பெற்றது அதுவே முதல் முறை.

சிறையில் மகன்

மகன் ஜானும் அதே கல்லூரியில் படித்தார். அப்பாவை மிஞ்சிவிட்டார். எதில்? பின்வரிசையில்! 1958-இல் தேர்ச்சி பெற்ற 899 பேரில் அவர் இடம் 894. பிறகு கடற்படை விமானி ஆனார்.

அப்போது வியட்நாமில் போர் நடந்தது. அமெரிக்கா வட வியட்நாமின் மேல் குண்டு வீசிக்கொண்டிருந்தது. 1967 அக்டோபர் 26-இல் ஜான் விமானத்தில் ஹனோய் நகரத்துக்குப் போனார். அது அவருடைய 23-ஆவது தாக்குதல். கீழிருந்து வந்த ஏவுகணை விமானத்தின் இறக்கையை உடைத்தது. ஜான் விமானத்திலிருந்து குதித்தார். இரண்டு கைகளும் ஒரு காலும் முறிந்தன. நகரின் நடுவில் உள்ள ட்ருக் பாக் ஏரியில் விழுந்தார்.

மூழ்கிக்கொண்டிருந்த அவரை வியட்நாமியர்கள் நீந்தி வந்து கரைக்கு இழுத்தார்கள். கரையில் கூட்டம் கூடியது. சிலர் கோபத்தில் அடித்தார்கள். அவர்கள் நகரத்தின் மேல் குண்டு வீச வந்தவர் அல்லவா? ஒரு பெண் கூட்டத்தை விலக்கி, அவருக்குக் கொஞ்சம் தேநீர் கொடுத்தார்.

ஜாக்கும் ராபர்ட்டாவும் அப்போது லண்டனில் இருந்தார்கள். ஒரு விருந்துக்குப் புறப்படும் நேரத்தில் செய்தி வந்தது. மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது. இருவரும் விருந்துக்குப் போனார்கள். அங்கே யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மகன் பிழைத்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. மருத்துவமனையில் ஒரு பிரெஞ்சு நிருபர் எடுத்த படத்தில் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

சுவரில் தட்டிய எழுத்துகள்

ஜானை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தனி அறையில் அடைத்தார்கள். மற்றவர்களோடு பேசினால் அடி விழும். கைதிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எழுத்துகளைச் சுவரில் தட்டினார்கள்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். அதில் கே என்ற எழுத்தை விட்டுவிட்டு, மீதி 25-ஐ ஐந்து வரிசையாக மனத்தில் எழுதிக்கொண்டார்கள். வரிசைக்கு ஐந்து எழுத்து. முதலில் தட்டுவது எத்தனையாவது வரிசை என்று சொல்லும். சற்று நிறுத்தி அடுத்துத் தட்டுவது அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்று சொல்லும். இரண்டு தட்டு, பிறகு மூன்று தட்டு என்றால், இரண்டாம் வரிசையின் மூன்றாம் எழுத்து.

இப்படி எழுத்து எழுத்தாகத் தட்டி அவர்கள் பெயர் சொன்னார்கள். நலம் கேட்டார்கள். தைரியம் சொன்னார்கள். முகம் பார்க்காமலே நண்பர்கள் ஆனார்கள். காகிதம் இல்லை, பேனா இல்லை. எழுத்து மட்டும் இருந்தது. அது பலரைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது.

வேண்டாம் என்ற விடுதலை

1968-இல் ஜாக்குக்கு இன்னும் பெரிய பொறுப்பு வந்தது. பசிபிக் பகுதியில் இருந்த அமெரிக்கப் படைகள் முழுவதற்கும் அவர் தலைவர் ஆனார். வியட்நாம் போரும் அதில் அடக்கம்.

கைதி யார் மகன் என்பது சிறை அதிகாரிகளுக்குத் தெரியும். இளவரசர் என்றே அவருக்குப் பட்டப்பெயர். அந்த ஆண்டு நடுவில் அவரைக் கூப்பிட்டார்கள். உன்னை விடுதலை செய்கிறோம், வீட்டுக்குப் போ என்றார்கள். ஜானின் உடல் அப்போது மிகவும் மோசமாக இருந்தது. போயிருக்கலாம்.

ஆனால் கைதிகளுக்குள் ஒரு விதி இருந்தது. முதலில் பிடிபட்டவர் முதலில் போக வேண்டும். எவரெட் ஆல்வரெஸ் என்ற விமானி 1964 ஆகஸ்டிலேயே பிடிபட்டவர். இன்னும் பலர் ஜானுக்கு முன்பே வந்தவர்கள். தளபதியின் மகன் என்பதற்காக நான் முந்திப் போனால், மற்றவர்கள் மனம் என்ன ஆகும்? பெரிய இடத்துப் பிள்ளைக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா என்று உடைந்துபோவார்கள். ஜான் மறுத்துவிட்டார். மீண்டும் மீண்டும் கேட்டார்கள். மீண்டும் மீண்டும் மறுத்தார்.

அதன் பிறகு சில நாள் கடுமையாகச் சித்திரவதை செய்தார்கள். கடைசியில் தாங்க முடியாமல், அவர்கள் எழுதிய குற்ற ஒப்புதலில் கையெழுத்துப் போட்டார். அதை நினைத்து அவர் வெட்கப்பட்டார். ஒவ்வொரு மனிதனுக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு, என் எல்லையை நான் தொட்டுவிட்டேன் என்று பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார். விடுதலையை மறுத்தவரும் அவர்தான். கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் நாம் அவரைப் பார்க்க வேண்டும்.

தந்தையின் உத்தரவு

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

1972 ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்க விமானங்கள் ஹனோய்ப் பகுதியின் மேல் பெரிய அளவில் குண்டு வீசின. முடிவு எடுத்தவர் அமெரிக்க அதிபர் நிக்சன். ஆனால் அந்தப் படைகள் ஜாக்கின் கீழ் இருந்தன. உத்தரவு அவர் வழியாகத்தான் இறங்கியது. மகன் அங்கே இருக்கிறான் என்பதற்காக அவர் தயங்கவில்லை. குண்டு வீசத்தான் வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர்.

கல் மனமா? அப்படியும் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸ் நாளில் அவர் தென் வியட்நாமுக்குப் போவார். வட எல்லைக்கு அருகில் உள்ள வீரர்களோடு உணவு உண்பார். பிறகு தனியாக நடந்து போவார். வடக்கே பார்த்தபடி நிற்பார். அந்தத் திசையில்தான் மகன் இருந்தான். இவ்வளவுதான் அவர் தனக்கு அனுமதித்துக்கொண்டது.

1972 இறுதியில் ஜாக் ஓய்வு பெற்றார். மகன் அப்போதும் சிறையில்தான் இருந்தார். அந்த டிசம்பரில் இன்னும் கடுமையான குண்டுவீச்சு நடந்தது. அப்போது தலைமையில் வேறொருவர் இருந்தார். அந்த நாள்களில் வட வியட்நாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். குண்டின் கீழே ஒரு தளபதியின் மகன் மட்டும் இல்லை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய அப்பா அம்மாவும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வியட்நாம் போரில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். வியட்நாமியர்களோ பல லட்சம் பேர்.

பகை முடிந்தது

1973-இல் அமைதி ஒப்பந்தம் ஆனது. கைதிகளை விடுவித்தார்கள். மார்ச் 14-இல் ஜான் வெளியே வந்தார். ஐந்தரை ஆண்டுச் சிறை. முடி நரைத்திருந்தது. உடைந்த கைகள் சரியாகக் கூடவில்லை. தலைக்கு மேல் கையைத் தூக்கி, தலைவார அவரால் கடைசிவரை முடியவில்லை.

1981 மார்ச்சில் ஜாக் அட்லாண்டிக் கடலுக்கு மேலே விமானத்தில் வந்துகொண்டிருந்தபோது இறந்தார். வயது 70. ஆர்லிங்டன் என்ற இடத்தில் உள்ள வீரர்களின் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஜான் கடற்படையை விட்டு அரசியலுக்குப் போனார். 1987 முதல் 2018-இல் இறக்கும்வரை அமெரிக்க செனட் சபை உறுப்பினராக இருந்தார். 2008-இல் அதிபர் தேர்தலில் நின்று, பராக் ஒபாமாவிடம் தோற்றார். எல்லாவற்றிலும் பெரிய வேலை ஒன்று செய்தார். அமெரிக்காவும் வியட்நாமும் மீண்டும் நட்பாக வேண்டும் என்று பாடுபட்டார். 1995-இல் அது நடந்தது. தன்னை அடைத்த சிறைக்கே அவர் விருந்தாளியாகப் போய் வந்தார்.

2018 ஆகஸ்ட் 25-இல் ஜான் இறந்தார். ஹனோயில் அவர் விழுந்த ஏரிக்கரையில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அவரைப் பிடித்ததன் நினைவாக வியட்நாமியர்கள் வைத்த கல் அது. அவர் இறந்த செய்தி கேட்டு மக்கள் அங்கே பூ வைத்தார்கள்.

தாய் ராபர்ட்டா மகனையும் வழியனுப்பிவிட்டு, 2020-இல் தன் 108-ஆவது வயதில் இறந்தார்.

அமெரிக்கக் கடற்படையில் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல் உண்டு. 1994-இல் அது பணிக்கு வந்தபோது தாத்தா, அப்பா இருவர் பெயரையும் குறித்தது. 2018-இல் மகனையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது ஒரே கப்பல், ஒரே பெயர், மூன்று வீரர்கள்.

நம் நாட்டில்

இந்தியாவின் முதல் நீர்மூழ்கிக் கப்பல் கல்வரி. அது 1967 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் கரஞ்ச் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் தளபதியாக இருந்தவர் வி. எஸ். ஷெகாவத். அவர் வீர் சக்ரா விருது பெற்றார். பின்னர் 1993 முதல் 1996 வரை இந்தியக் கடற்படைத் தலைவராக இருந்தார்.

கடலுக்கு அடியில் உள்ள கப்பலுக்குக் கரையிலிருந்து செய்தி அனுப்பத் தனி வகை வானொலி நிலையம் வேண்டும். நம் திருநெல்வேலி மாவட்டத்தில் விஜயநாராயணம் என்ற ஊரில் அப்படி ஒரு நிலையம் உள்ளது. அதன் பெயர் கட்டபொம்மன்.

சொல்லும் பொருளும்

தளபதி – படைக்கு அல்லது கப்பலுக்குத் தலைவர்
டார்பிடோ – நீருக்குள் ஓடிச் சென்று வெடிக்கும் குண்டு
சரணடைதல் – தோல்வியை ஒப்புக்கொண்டு பணிதல்
வளைகுடா – நிலத்துக்குள் வளைந்து நுழைந்த கடல்
ஒப்பந்தம் – இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதிய உடன்படிக்கை

விடை சொல்லுங்கள்

1. நீர்மூழ்கிக் கப்பல் எப்படி மூழ்குகிறது? எப்படி மேலே வருகிறது?
2. நீருக்கு அடியில் டீசல் இன்ஜினை ஏன் ஓட்டவில்லை?
3. தாத்தா மெக்கெய்ன் 52 வயதில் எதைக் கற்றார்? ஏன் கற்றார்?
4. ஜானுக்கு விடுதலை தருகிறோம் என்றபோது அவர் ஏன் மறுத்தார்?

கூடிப் பேசுங்கள்

1. ஜாக் செய்தது சரியா? தந்தை என்ற கடமையும் தளபதி என்ற கடமையும் மோதினால் எது பெரிது?
2. பதக்கம் போருக்குப் போனவருக்குக் கிடைக்கிறது. வீட்டைக் காத்தவருக்கு என்ன கிடைக்கிறது? உங்கள் ஊரில் படைக்குப் போனவர்களின் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள்.
3. அடித்தவரோடும் நட்பாக முடியுமா?

செய்து பாருங்கள்

பன்னிரண்டு உயிர் எழுத்துகளை மூன்று வரிசையாக எழுதுங்கள். வரிசைக்கு நான்கு எழுத்து. இப்போது மேசையில் ஒரு முறை தட்டுங்கள். சற்று நிறுத்தி நான்கு முறை தட்டுங்கள். எதிரே இருப்பவர் எந்த எழுத்து என்று சொல்லட்டும். ‘ஈ’ என்று சொன்னால் அவர் சரியாகக் கேட்டிருக்கிறார். அடுத்து அவர் தட்டட்டும், நீங்கள் கேளுங்கள்.